கீச்சென்றால் போய்விட்டதா?

ஜூன் 12, சனி
புழுக்கம். ஐ.டி.ஐ.யில் மோடம் பாடம். பலகையில் 'பண்பேற்றம்' என்று எழுதினேன். ரேடியோவில் பேச்சை, அதைச் சுமந்து போகிற ஊர்தி அலை மேல் ஏற்றி அனுப்புவது. மோடமோ கம்ப்யூட்டரின் ஒன்றையும் சைபரையும் டெலிபோன் கம்பியில் போகிற ஒலியாக்கும். அந்தப் பக்கத்து மோடம் அதைத் திரும்பப் பிரித்தெடுக்கும். அது பண்பிறக்கம். பின் பெஞ்சிலிருந்து: "பண்ப எறக்குறதுக்கும் மிசினா மிஸ்?" ஒரே சிரிப்பு. நானும்தான்.

முதலில் கேட்கும் கீச்சும் கரகரப்பும் இரண்டு மோடமும் கைகுலுக்குவது மட்டுமே, சரக்கு பிறகுதான் போகும். இரண்டு முறை சொன்னேன்.

சாயங்காலம் சேகர் சார் வீட்டுக்கு வந்தார். நான்கு வருடமாகப் பக்கத்து மேசை. சிங்கப்பூர்ப் பயிற்சிப் பள்ளியில் வேலை, இரண்டு இடம். அவருக்கொன்று, எனக்கொன்று; இரண்டு விண்ணப்பமும் நான் எழுதியவை, அவர் இங்கிலீஷ் அப்படி. கம்ப்யூட்டர், மோடம், மெயில் முகவரி எல்லாம் என்னுடையது. இரண்டையும் அனுப்பச் சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டுப் பால் பொங்குகிறதென்று ஓடினேன். அடுப்படி வரை கீச்சு கேட்டது. "ரெண்டு பேருதும் போயிடுச்சு மேடம்!" காபி கொடுத்தேன். அப்பா முணுமுணுப்பு: "ஃபோன எப்பம்மா விடுவ?" மோடம் ஓடினால் ஃபோன் பேச முடியாது; பேராவூரணியில் அக்காவுக்கு நிறைமாதம்.

ஜூன் 17, வியா.
தூறல். மெயிலில் பதில். சேகர் சாருக்கு வேலை. சம்மதத்தை 19க்குள் எழுத வேண்டும். இன்னோர் இடம் யாரோ திருச்சிக்காரருக்கு.

என் பெயரே இல்லை. அனுப்பியவற்றைத் திறந்தேன். ஒரே கடிதம், அவருடையது. என்னுடையது எழுதி வைத்த இடத்திலேயே கிடந்தது.

கீச்சைக் கேட்டு ஏமாந்தேன். பாடம் நடத்துகிறவள்! வெட்கக்கேடு. சாப்பிடவில்லை.

ஜூன் 18, வெள்.
வாங்க: ஈயக்கம்பி, அப்பா பி.பி. மாத்திரை.

ஸ்டோர் ரூமில் சேகர் சாரிடம் கேட்டே விட்டேன். தலை நிமிரவில்லை. "ஒரே எடத்துலேந்து ரெண்டு பேருன்னா ரெண்டையும் கழிச்சுடுவான்னு பயந்துட்டேன் மேடம். நான் மொதல்ல போயி உங்கள இழுத்துக்கலாம்னு..." அடுத்த மூச்சிலேயே: "அந்தச் சம்மத லெட்டர நீங்களே எழுதிடுங்களேன். உங்க இங்கிலீஷ்தான் நல்லாருக்கும்."

நாசமாய்ப் போ என்று நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்தது "சரிங்க சார்". அவர் போனதும் அழுதேன். ஊர்தி அலை என்று எனக்கே பெயர் வைத்திருக்கலாம்.

ஜூன் 19, சனி
நல்ல வெயில். ஐந்து மணிக்குக் கால் கிலோ அல்வாவோடு வந்தார். கூடத்தில் அப்பாவிடம் விமான டிக்கெட் பேச்சு.

கடிதம் அடித்தேன். ஒரு பிழை இல்லை. டயல் செய்தேன். கீச்சு, கரகரப்பு.

"போயிடுச்சா மேடம்?"

"சத்தம் கேட்டுச்சுல்ல சார்?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. ரொம்ப தேங்ஸ்."

காபி கொடுத்தேன். சைக்கிள் தெரு திரும்பும் வரை வாசலில் நின்றேன்.

ஏழு மணி. கடிதம் எழுதி வைத்த இடத்திலேயே இருக்கிறது. இன்றுதான் கடைசி நாள். கை ஒரு தடவை மவுஸ் வரை போனது.

அப்பா ஃபோன் கேட்டார். மோடத்து வயரைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும்.