காட்மியம் தின்ற ஈஸ்ட்

நாள் 112. காலை 6.10
செவ்வாய், மூன்றாம் குடில். ஜெனோவா, வேதியியலாளர். தனியாள். பனி உருக்கிய தண்ணீரில் காட்மியம் என்னும் நச்சு உலோகம். ஈஸ்ட் தொட்டியில் விட்டேன், சுத்தமாக வந்தது. நஞ்சு நுழைந்ததும் ஈஸ்ட் பெப்டைடு என்னும் குட்டிப் புரத இழைகளைச் செய்கிறது. அவை உலோகத்தைக் கவ்வி, செல்லுக்குள் ஒரு பையில் அடைத்துவிடும். ஈஸ்டும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். பழைய ஈஸ்டை வழக்கம்போல் வெளியே புதைத்தேன்.

நாள் 119. மதியம் 1.40
உணவுக் கப்பல் தாமதமாம். கையிருப்பு தீர்கிறது. பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சகாயமேரி பேசினாள். விடுதியில் ஒரே தட்டில் தின்றவர்கள் நாங்கள்.
"சாப்டியாட்டி? பழைய ஈஸ்ட்ட பொதைக்காத, அவிச்சுத் தின்னு. புரதம்லா! பெப்டைடு புடிச்ச புடிய விடாது, இங்க சோதிச்சாச்சு."
வயிற்று அமிலத்தில் அந்தப் பிடி விட்டுப்போகும் என்று முதலாண்டு மாணவிக்கும் தெரியும். ஆனால் சொன்னவள் சகாயம் ஆயிற்றே. அவித்துத் தின்றேன்.

நாள் 141. காலை 7.05
இடுப்பெலும்பு குத்துகிறது. சிறுநீரில் நுரை. சகாயம் தினமும் "சாப்டியா"தான். இன்று கூடவே ஒன்று கேட்டாள்: "எத்தன கிராம்ட்டி?" எங்கள் ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள் கிராம் கேட்பதில்லை. சிறுநீரைச் சோதித்தேன். காட்மியம். பாவி! அவளிடமே நேராகக் கேட்டுவிட்டேன்.

நாள் 142. மாலை
அவள் பதில்:
"கப்பல் கெளம்பவே இல்லட்டி. மனுச ஒடம்பு எவ்வளவு தாங்கும்னு தெரியாம அடுத்த பன்னெண்டு பேர அனுப்ப முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாவ. நான் என்ன செய்ய? அதுல எம்மவ பிரின்சியும் வாரா. உண்மையச் சொல்லு, ஒடம்பு எப்படி இருக்கு?"
ஒரே தட்டில் தின்றவள், என் தட்டிலேயே நஞ்சை வைத்தாள். அவள் மகளும் அதையே தின்னட்டும். பதில் அனுப்பினேன்: "நல்லா இருக்கேன்ட்டி. ஒரு கொறையும் இல்ல. பிரின்சிய அனுப்பு."

நாள் 158
ஆத்திரம் அடங்கவே இத்தனை நாள் ஆயிற்று. பிரின்சிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? மாற்றிச் சொல்லப்போகிறேன்.

நாள் 158. பிறகு
எழுந்தேன். காட்மியம் அரித்த தொடையெலும்பு ஒடிந்துவிட்டது. ரேடியோ அடுத்த அறையில். தவழ முடியவில்லை. சகாயத்தின் குரல் கேட்கிறது, அழுதுகொண்டே சிரிக்கிறாள்: "பிரின்சி கப்பல் கெளம்பிட்டுட்டி. ஒன்ன நம்பித்தான் அனுப்பிருக்கேன்."
கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

நாள்
பிரின்சி, இதை நீ படித்தால், அந்த ஈஸ்டைத் தின்னாதே. யார் சொன்னாலும். உன் அம்மா என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினாள். பொய் சொன்னது நா