எதிரி வீட்டுச் சோறு

முகாம்,
ஆவணி 9

என் வாயாடிக்கு,

உன் கட்டுக்காரன் உயிரோடு இருக்கிறேன். மற்ற க்ஷேமமெல்லாம் இதற்குப் பிறகுதான். பட்டாள ஆபீசிலிருந்து உனக்கு வேறு மாதிரிச் செய்தி போயிருக்கும் என்று ஹவில்தார் சொன்னார். அதை அடுப்பில் போடு.

ஆனி மாதச் சண்டையில் இந்த ஊர் ராஜாவின் படை எங்களை ஆற்றோரம் வரை விரட்டியது. கட்டுக்காரன் வேலைதானே, விழுந்து கிடந்த சிப்பாய் ஒருவனுக்குக் குனிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். என் தொடையில் குண்டு பாய்ந்தது. எங்கள் ஆட்கள் ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள். நான் நாணலுக்குள் கிடந்தேன்.

என்னைக் கண்டெடுத்தவர் ஒரு படகுத் தச்சர். அவர் ஊரைப் பிடிக்க வந்த பட்டாளத்துக்காரன் நான். சிவப்புக் கோட்டு போட்டிருந்தேன், அதை அவர் பார்க்காமலா இருப்பார்? கையில் மரம் செதுக்கும் வாய்ச்சி வேறு இருந்தது. ஒரே போடு போட்டிருக்கலாம். தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர்களுடைய ஒரே மகன் ராஜாவின் படையோடு போனவன், தகவலே இல்லை. அப்படிப்பட்டவள் நான் ஜாடை காட்டக் காட்ட, விளக்கில் கத்தியைச் சுட்டுக் குண்டைத் தோண்டி எடுத்தாள். பிறகு நாளெல்லாம் என்னை வைதாள். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் வசவு எந்தப் பாஷையில் இருந்தாலும் புரிந்துவிடுகிறது. வைதுகொண்டே கஞ்சி ஊட்டுவாள். உன் ஞாபகம் வராமல் இருக்குமா?

ஆடிக் கடைசியில் நம் பட்டாளம் பீரங்கிகளோடு திரும்பி வந்தது. ராஜா ஓடிப்போனார். அரண்மனையில் இப்போது கும்பினிக் கொடி. நான் கம்பு ஊன்றிக்கொண்டு முகாமுக்குப் போனேன். டாக்டர் துரை என்னைப் பார்த்துக் கண் கலங்கினார். நான் இருந்த இடத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தினார். "காட்டுல ஒளிஞ்சிருந்தேன்னு சொல்லு. எதிரி வீட்டுல சோறு தின்னேன்னு சொன்னா ஓடிப்போனவன்னு எழுதிடுவாங்க" என்றார். அப்படியே ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சின்னது நடக்கிறதா?

உன் கட்டுக்காரன்

*

லைன்வீடு,
ஐப்பசி 2

என் வீட்டுக்காரருக்கு,

வாயாடி விழுந்து கும்பிட்டு எழுதுவது. ஆபீசிலிருந்து வந்த காகிதத்தில் உங்கள் பேரையே தப்பாக எழுதியிருந்தார்கள். பேர் தெரியாதவர்களுக்குச் சாவு மட்டும் எப்படித் தெரியும் என்று நான் அதை நம்பவில்லை. பொய் சொல்கிறேன், நம்பினேன். சின்னதைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று பட்டாள லைனில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஓடி ஓடிச் சொன்னேன். சின்னது என் பின்னாலேயே நடந்து வந்தது. ஆமாம், நடக்கிறாள். உங்களுக்காகத்தான் நடந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? பாஷையும் தெரியாது, முகமும் தெரியாது. நான் ஓரம் தைத்த போர்வை ஒன்றை இதோடு கப்பலில் அனுப்புகிறேன். கொடுத்துவிட்டு, இது என் பெண்டாட்டி தைத்தது என்று ஜாடையிலாவது சொல்லுங்கள். அவள் கையைப் பிடித்து உங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள். அது நான் செய்ததாக இருக்கட்டும்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாத்தியார் அல்லவா, சும்மா இருப்பாரா? "நம்ம தேசத்தைப் புடிக்க நம்மாளே துப்பாக்கி தூக்கினான். இப்ப அடுத்தவன் தேசத்தைப் புடிக்கவும் நம்மாளே போறான். மாப்பிள்ளை கட்டுப் போடுறதோட நிக்கிறாரே, அந்த மட்டும் புண்ணியம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரானுக்கெல்லாம் கட்டுப் போடுகிறவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

உங்கள் வாயாடி

*

சிறை,
தை 17

என் வாயாடிக்கு,

மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்துப் பயப்படாதே. முழுதும் படி.

போர்வை வந்தது, கொடுத்தேன். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு வைதாள். அழுதுகொண்டே வைதாள்.

மார்கழியில் ஊருக்குப் புதுக் கலெக்டர் வந்தார். அரண்மனை அவர் உத்தியோகம் பார்க்கும் கச்சேரியாகிவிட்டது. வீட்டுக்கு வீடு கதவில் நம்பர் எழுதினார்கள். ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். மீன் வெட்டும் கத்தியைக்கூட விடவில்லை. அப்படி ஆற்றுத்துறைத் தெருவில் சோதனை போட்டபோது, தச்சர் வீட்டுப் பரணில் நான் விட்டுவந்த சிவப்புக் கோட்டு கிடைத்தது. அக்கா துவைத்தும் ரத்தக்கறை போகவில்லை. சிப்பாயைக் கொன்று கோட்டைக் கழற்றிக்கொண்டான் என்று தச்சரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தூக்குத்தான் என்று பேச்சு.

டாக்டர் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாயைத் திறக்காதே. நான் கலெக்டர்கிட்ட பேசிப் பார்க்கிறேன்" என்றார். நல்ல மனுஷர், பேசியும் பார்த்தார். ஊர் பயப்பட ஒருவனையாவது தூக்கில் போட்டாக வேண்டும் என்று பதில் வந்ததாம்.

உன்னைக் கேட்டு எழுத நேரமில்லை. கப்பல் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். விசாரணை அன்று நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். "அந்தக் கோட்டு என்னுது. உள்ள இருந்த ஆளும் நான்தான்" என்றேன். துபாஷி அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னதும் சபையே என் பக்கம் திரும்பியது. தொடையைத் திறந்து தழும்பைக் காட்டினேன்.

கமாண்டர் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ நீ ஓடிப்போனவன்?" என்றார்.

"கால்ல குண்டோட யாரும் ஓட முடியாதுங்க, துரை" என்றேன். பின்னால் ஹவில்தார் சிரிப்பை அடக்க இருமியது எனக்குக் கேட்டது.

தச்சரை விட்டுவிட்டார்கள். காட்டில் இருந்ததாகப் பொய் சொன்னதற்கும் எதிரி வீட்டில் தங்கியதற்கும் என் பேரைப் பட்டாளத்திலிருந்து அடித்துவிட்டார்கள். மழைக்காலம் வரை சிறை. டாக்டர் துரை தானாகவே எழுந்து, தான் சொல்லிக்கொடுத்த பொய் அது என்றார். இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும். அவருக்கும் நான் கடன்பட்டவன்தான்.

இதனால் லைன்வீடு போகும். உனக்குத்தான் கஷ்டம். திட்டித் தீர்த்து எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

உன் கட்டுக்காரன்

*

அண்ணன் வீடு,
பங்குனி 5

என் வீட்டுக்காரருக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். முதலில் எழுதிய காகிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்ததில் இருந்த வசவெல்லாம் உங்களுக்குச் சேர்ந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

லைன்வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பானை சட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுபேதார் வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். "சம்பளம் குடுக்கிற கையைக் கடிச்சிட்டாரே உன் வீட்டுக்காரர்" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அந்தக் கை யார் வீட்டுல எடுத்துக் குடுக்குதுன்னு தெரியும்க்கா. என் புருஷன் உசிரோட இருக்கிறது அந்தக் கையால இல்ல" என்றேன். அவள் போய்விட்டாள். அப்புறம் பின்பக்கமாக வந்து சின்னதுக்கு ஒரு பாவாடை கொடுத்துவிட்டுப் போனாள். மனுஷர்களை என்னதான் சொல்வது!

அண்ணன் வண்டி கொண்டுவந்தான். இப்போது அவன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறோம். அண்ணி முகம் சுளிக்கவில்லை. நான் தையல் வேலை எடுத்துச் செய்கிறேன். அப்பா உங்கள் கடிதத்தை வாங்கித் தானே ஒரு தரம் படித்தார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மடித்து எடுத்துக்கொண்டு போனார். யாருக்குப் படித்துக் காட்டினாரோ, தெருவில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சின்னதைக் காட்டி, காலைப் பிடித்துத் தடுத்திருப்பேன். அந்த மனுஷர் தூக்கில் தொங்கியிருப்பார். நாம் அதே லைன்வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்போம். என்னைக் கேட்காமல் செய்ததற்கு நன்றி. வாழ்நாளில் இந்த ஒரு தரம்தான், வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சோறு போடுகிறார்களா?

உங்கள் வாயாடி

*

சிறை,
வைகாசி 21

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. நீயும் சின்னதும் பின்கட்டில் இருக்கிறீர்கள் என்பது மனதை அறுத்தது. நீ நன்றி சொன்ன பத்தி அதை ஆற்றியது. உன்னைக் கட்டிக்கொடுத்ததற்கு உன் அப்பாவுக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை. வந்து சொல்கிறேன். மழைக்காலக் கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சிறை துரை சொல்லிவிட்டார். பட்டாளமில்லாமல் வெறும் கட்டுக்காரனாக வருவேன். நம் ஊரிலும் கை கால் முறியாமலா இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம்.

சோற்றைப் பற்றிக் கேட்டாயே. சிறையில் போடுவதை மாடு தின்னாது. அக்கா தினமும் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறாள். மூட்டையில் சோறு, கூடவே வசவு. காவல்காரர்கள் முதலில் விரட்டிப் பார்த்தார்கள். அவள் வாயில் அகப்பட்டுக்கொண்டு இப்போது வழி விடுகிறார்கள்.

போன வாரம் ராஜாவின் படையாட்களை மலைப்பக்கத்திலிருந்து பிடித்து வந்து இங்கே அடைத்தார்கள். பலருக்குப் புண் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் துரை துணியும் மருந்தும் கொடுத்தனுப்பினார், நான் கட்டுப் போட்டேன். கையில் வெட்டுப்பட்டுக் காய்ச்சலில் கிடந்தான் ஒருவன். அவன் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த துபாஷி நம் பாஷைக்காரர். "ஆத்துத்துறைத் தெரு, படகுத் தச்சன் மகனாம்" என்றார்.

என் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், அக்காவின் மூக்கு. இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து புண்ணைக் கழுவினேன். மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டான். கும்பினிக்கு எதிராக ஆயுதம் எடுப்பதில்லை என்று எழுதிக்கொடுப்பவர்களை அறுவடை முடிந்ததும் விடுவார்களாம். அவன் எழுதிக்கொடுப்பானா, தெரியவில்லை. அது அவன் பாடு. கை தப்பிவிட்டது, உயிருக்குப் பயமில்லை.

பிழைப்பான் என்று தெரிந்த பிறகுதான் அக்காவிடம் சொன்னேன். அவள் பாஷையில் எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். மகன், உள்ளே, நல்லா இருக்கான். அவ்வளவுதான் சொன்னேன். அவளுக்கு வசவு நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கையை உள்ளே விட்டு என் தலையைத் தடவினாள்.

நான் இங்கே வராமல் இருந்திருந்தால் அந்தப் புண்ணை யார் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தச் சிறைக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, வாயாடி. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இன்று காலையும் வந்தாள். பழையபடி வைதுகொண்டே கம்பி வழியாகக் கையை நீட்டினாள். கையில் இரண்டு மூட்டை.

உன் கட்டுக்காரன்