சம்பந்தி நீச்சல் கற்ற சனிக்கிழமைகள்

சம்பந்தி,

இன்று உங்கள் வீட்டுக்குப் போய்விட்டு ஆனையூரிலிருந்து திரும்பும்போது கோரிப்பாளையத்தில் பஸ் நின்றுவிட்டது. வழக்கம்போல நெரிசல். ரோட்டோரத் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. சுக்கும் கருப்பட்டியும் கலந்த அந்த வாசம் ஜன்னல் வழியாக வந்ததும் எழுந்து இறங்கிவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. ஒரு டம்ளர் வாங்கி ஓரமாக நின்று குடித்தேன். சனிக்கிழமைகளில் தலையில் ஈரம் காயாமல் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். "குளிருக்கு இதுதான் சம்பந்தி சரியான மருந்து" என்பீர்கள், சித்திரை வெயிலில்.

நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நமக்குள் தொடக்கம் நன்றாக இருக்கவில்லை. என் மகன் உங்கள் மகளைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. சோழவந்தான் பக்கம் நெல்லும் வாழையுமாக இருந்த குடும்பம் எங்களுடையது. நீங்கள் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. அழைப்பிதழை நீங்களே கோச்சடையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். உட்காருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. அதை மேசைமேல் வைத்துவிட்டு, "வாரேங்க" என்று சொல்லிப் போனீர்கள். கல்யாணத்தன்று என் மனைவி மட்டும் போனாள். நான் மோட்டாரைப் போட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். அன்று பாய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை.

பேத்தி இனியா பிறந்த பிறகு பேச்சு வந்தது. வாங்க, சாப்பிட்டீங்களா, போயிட்டு வாங்க. ஏழெட்டு வருஷம் அந்த மூன்றையே சொல்லி ஓட்டினோம்.

இனியாவுக்கு எட்டு வயதான கோடை லீவில் அவளைச் சனிக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். டவுனில் வகுப்புக்குப் போய் அவள் ஏற்கெனவே நன்றாக நீந்துவாள். குழந்தையைக் கிணற்றுக்கு அனுப்ப உங்களுக்கு மனசில்லை. காவலுக்கு நீங்களும் வந்தீர்கள். மோட்டார் ரூம் நிழலில் குடையும் பேப்பருமாக உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"ஆனையூர் தாத்தா, நீங்க எறங்கலையா?" என்று தண்ணீரிலிருந்து கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

"அம்புட்டுப் பெரிய கணக்கெல்லாம் தெரியுது, இது தெரியாதா?"

நீங்கள் பேப்பரை மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த சனிக்கிழமை துண்டோடு வந்தீர்கள். "எனக்கும் சொல்லிக் குடுங்க சம்பந்தி" என்றீர்கள். அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னிடம் வந்து இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காலி எண்ணெய் கேன் ஒன்றை உங்கள் முதுகில் கட்டி, படி வழியாக இறக்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் உங்கள் நகம் பதிந்தது. வயிற்றுக்கடியில் நான் கையைக் கொடுத்தால், "எடுத்துராதீங்க, எடுத்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். மூன்றாவது வாரம் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமினீர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படி வெறைச்சுக்கிட்டிருந்தா எப்படி மிதப்பீங்க? உடம்ப விடுங்க."

"விடணும்னா நம்பணும்ல. அதுக்குத்தான் நேரம் எடுக்குது."

நீங்கள் எதையும் குத்திக்காட்டவில்லை. உங்களுக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இனியா எதிர்ப் படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"அன்னைக்கு உங்கள உக்காரக்கூடச் சொல்லாம அனுப்பிட்டேன்."

மார்பளவுத் தண்ணீரில் படிமேல் நின்று முகத்தைத் துடைத்தீர்கள். அப்புறம் இன்னொரு முறை துடைத்தீர்கள்.

"ஆமா. மக முன்னாடி அந்த மூஞ்சியோட போய் நிக்கக்கூடாதுன்னு பஸ் ஸ்டாப்புலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்."

பரவாயில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. "சரி, கையக் கொண்டாங்க" என்று மறுபடியும் தண்ணீரில் சாய்ந்தீர்கள். அன்றுதான் உங்கள் உடம்பு லேசானது.

லீவு முடிவதற்குள் கேன் இல்லாமல் மேற்குப் படியிலிருந்து கிழக்குச் சுவர் வரை போய்விட்டீர்கள். நான் தொடாமல் பக்கத்திலேயே வந்தேன். பம்ப் குழாயைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, "நான் எந்தப் பக்கம் வந்திருக்கேன்?" என்று கேட்டீர்கள். இனியா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மாங்காய் கிணற்றுக்குள் விழுந்தது.

அதற்குப் பிறகு நம்மை யாராலும் பிடிக்க முடியவில்லை. குற்றாலம் போனோம், ராமேஸ்வரம் போனோம். ரயிலில் நான் கடலை உரித்துக் கொடுக்க, நீங்கள் குறுக்கெழுத்தில் சிக்காத சொல்லை என்னிடம் கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தது பயிர்பச்சைப் பெயர்கள்தான். அதுவும் சில நாள் பொருந்தியது. ராமேஸ்வரத்தில், "நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க, நானும் பேத்தியும் கடல்ல இருக்கோம்" என்றீர்கள். சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், நீங்கள் வானத்தைப் பார்த்து மல்லாந்து மிதந்துகொண்டிருந்தீர்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டீர்கள். உங்கள் அடக்க ஆராதனைக்கு நான் வந்தேன். அந்தச் சர்ச்சுக்குள் அதுதான் முதல் தடவை. வாசலில் கொஞ்சம் தயங்கினேன். உங்கள் மகள் வந்து, "மாமா, எங்கூட வாங்க" என்று முன்வரிசைக்குக் கூட்டிப்போனாள். பாட்டு எனக்குத் தெரியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது புதன்கிழமைகளில் ஆனையூருக்குப் பாடம் படிக்கப் போகிறேன். கனடாவில் இருக்கிற என் மகளுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்குத் தமிழ் வரவில்லை, எனக்கு ஆங்கிலம் வரவில்லை. போனில் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. தமிழ் சொல்லித்தரவில்லை என்று என் மகள்மேல்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள், அறுபத்தெட்டு வயதில் துண்டோடு வந்து நின்ற உங்களை நினைத்துப் பார்த்தேன். நேரே உங்கள் வீட்டுக்குப் போய், இங்கிலீசு தெரிந்த சம்பந்தியம்மாவிடம், "எனக்கு இங்கிலீசு சொல்லிக் குடுங்க" என்று கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார்கள். தப்பாகப் படித்தால் நன்றாகத் திட்டுகிறார்கள்.

போன ஞாயிறு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அந்தக் குழந்தையிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அது கண்ணை விரித்து என்னைப் பார்த்துவிட்டு மடமடவென்று ஏதோ சொல்லிக்கொண்டே போனது. பாதிதான் புரிந்தது. மெதுவாகச் சொல் கண்ணு என்றேன், அதையும் ஆங்கிலத்தில். குழந்தை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வார்த்தையாக எனக்குச் சொல்ல ஆரம்பித்தது.