செம்பூர் வீடு காலியாகிவிட்டது, பத்மா

என் பாதி வீட்டுக்காரியே, செல்லப் பத்மா,

நம் செம்பூர் வீடு மறுபடி காலியாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? மற்றவர்களுக்கு இது நஷ்டம். நமக்குத்தானே இது திருவிழா!

ஃபோர்ட் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்த நாம் இருவரும் சேர்ந்து கடன் வாங்கி, வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு ஒன் ரூம் கிச்சன் வாங்கியபோது என் வீட்டுக்காரர் சிரித்தது நினைவிருக்கிறதா? "ஊர்ல எல்லாரும் நகை வாங்கறா. நீங்க ரெண்டு பேரும் குடித்தனக்காரனை வாங்கறேள்" என்றார். நீ விடுவாயா? "நகை கழுத்துல தொங்கும், வாடகை குடுக்காது அண்ணா" என்றாய்.

உன் சட்டங்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! வருஷத்துக்குப் பதினோரு மாத வாடகைதான் நம்முடையது, பன்னிரண்டாவது மாதத்து வாடகை வீட்டுக்கே சொந்தம், தனிக் கணக்கில் கிடக்கட்டும் என்பாய். டெபாசிட்டைத் தொடவே கூடாது. ஒரு தீபாவளிக்குப் பட்டுப்புடவை வாங்க நான் கை நீட்டியபோது, "அது குடித்தனக்காரா பணம்டி. நம்மாத்துல சும்மா தங்கியிருக்கு" என்று பாஸ்புக்கைப் பைக்குள் திணித்துக்கொண்டாய். கஞ்சப் பிசினாரி என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

ஒரு சட்டம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாம் இருவரும் அங்கே இருந்து வீட்டைப் பார்க்க வேண்டும். தயிர்சாதமும் ஃபிளாஸ்கில் காபியுமாகக் கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறுவோம். போனதும் நீ எல்லாக் குழாயையும் திறந்துவிடுவாய். சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்ப்பாய். பாத்ரூமில் தண்ணீரைத் தேக்கி வைத்துவிட்டு, கீழ்வீட்டுக்குப் போய் "மேலேர்ந்து சொட்டறதா மாமி?" என்று கேட்டு வருவாய்.

மற்ற நேரமெல்லாம் வெறும் தரையில் காலை நீட்டிப் படுத்திருப்போம். மாமியார் இல்லை, குக்கர் இல்லை, யாருக்கும் டிபன் கட்ட வேண்டாம். தவணை ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் வீடு ஒருநாள் சும்மா கிடந்தாலும் நமக்கு நஷ்டம்தான். இருந்தும் குடித்தனக்காரர் காலி செய்கிறேன் என்றால் நீ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

நீ போன பிறகு ஒரு தப்பு செய்துவிட்டேன், பத்மா. போன முறை வீடு காலியானபோது தனியாக அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. காலையில் பழையவர் போனார், சாயங்காலமே ஏஜென்ட் மூலம் புதியவருக்குச் சாவி போய்விட்டது. ஒருநாள் வாடகைகூட வீணாகவில்லை என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் பாத்ரூம் ஒழுகி, கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பாத்ரூமைப் புழங்க முடியாமல் புதியவர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். டெபாசிட்டைத் தொடாமல் வைத்திருந்ததால் அன்றே திருப்பிக் கொடுக்க முடிந்தது. மூன்று மாதமாக வாடகை இல்லை.

உன் பாதி இப்போது உன் பெண் நித்யாவுடையது. புனேயிலிருந்து ஃபோன் செய்தாள். "வித்துடலாம் பெரியம்மா. ரிஸ்க் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்கறவாளை ஏஜென்ட் கூட்டிண்டு வரான்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னவர் போன பிறகு என் அடுப்பு எரிவதே அந்தப் பாதி வாடகையில்தான். அவள் பங்கை வாங்கிக்கொள்ள என்னிடம் பணம் ஏது?

ஞாயிறு காலையிலேயே செம்பூர் வீட்டுக்கு வந்துவிட்டாள். பழக்கதோஷம், நான் தயிர்சாதமும் காபியும் எடுத்துப் போயிருந்தேன். "ஏன் பெரியம்மா செக் பண்ணலை? அம்மா இருந்தா விட்டிருப்பாளா?" என்று கேட்டாள். "உங்கம்மா இல்லாம இந்தக் காலி வீட்டுல கால் வைக்க முடியலைடி" என்று அழுதேவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது மாதத்துப் பாஸ்புக்கை அவளிடம் கொடுத்தேன். கீழ்வீட்டுக் கூரைக்கும், வாடகை வராத மாதங்களின் குடியிருப்புச் சொசைட்டி பராமரிப்புக் கட்டணத்துக்கும் அதிலிருந்தே கொடுத்தாயிற்று. நம் பாத்ரூமைச் சரிசெய்ய இன்னும் மீதி இருந்தது.

"இவ்வளவும் அம்மா சேர்த்து வச்சதா?"

"அவ வாங்க விடாத என் புடவையெல்லாம் இதுலதான் இருக்கு" என்றேன். சிரித்துவிட்டாள்.

பிறகு எழுந்து போய்க் குழாய்களைத் திறந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு?

சாப்பிட்டதும் வெறும் தரையில் சாய்ந்தாள். இரண்டு குழந்தைகளையும் வேலையையும் கட்டிக்கொண்டு ஓடுகிறவள். "எத்தனை நாளாச்சு பெரியம்மா, யாரும் என்னைக் கூப்பிடாம" என்றாள். அப்படியே தூங்கிப்போனாள். நான் எழுப்பவில்லை.

நாலு மணிக்கு வாசல் மணி அடித்தது. கலைந்த தலையோடு போய்க் கதவைத் திறந்தாள். "கர் காலி நஹீ ஹை, பையா" என்றாள். வீடு காலியாக இல்லையாம்! ஏஜென்ட் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். ஒரு நாற்காலிகூட இல்லாத ஹால், ஒரு டிபன் டப்பா, ஒரு கிழவி. ஒன்றும் புரியாமல் வந்தவரைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

பாத்ரூம் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. யார் குடி வந்தாலும், யார் போனாலும், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டை யாருக்கும் விடமாட்டோம். நித்யா புனேயிலிருந்து வந்துவிடுவாள். நான் மூன்று பேருக்குக் காபி கொண்டுபோவேன், இது சத்தியம்.

உன் பெண்ணுக்குப் பெரியம்மா,
உனக்கு என்றைக்கும் மறுபாதி வீட்டுக்காரி,
மைதிலி