மூன்றாம் தடவை கேட்கும்போது

அப்பாவுக்கு,

மகள் எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, உங்கள் பேத்தி மூவரும் நலம். உங்கள் நலம் உங்கள் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, அதனால் விசாரிக்கவில்லை.

கண்ணில் புரை முற்றிவிட்டதால் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறீர்கள். இதையும் அவர்தான் வாசித்துக் காட்டுவார். தையல்கார அண்ணே, ஒரு வரி விடாமல் சத்தமாகவே வாசியுங்கள். துணி கொடுக்க யாராவது வந்து நின்றால் நிறுத்த வேண்டாம். எங்கள் வீட்டில் காசு கேட்பதெல்லாம் நாலு பேர் முன்னால்தான்.

அப்பா, கண் ஆபரேஷனுக்குப் பணம் கேட்டிருக்கிறீர்கள். இது முதல் தடவை. ஆகவே, இல்லை.

சட்டம் நீங்கள் போட்டது. "கேட்டதும் கெடச்சா காசோட அருமை தெரியாது" என்பீர்கள். முதல் தடவை கேட்டால் இல்லை. மறுநாள் காரணம் சொல்லிக் கேட்டால் பார்க்கலாம். மூன்றாம் தடவை, வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது அவர்கள் முன்னால் கேட்டால்தான் உங்கள் பர்ஸ் திறக்கும். பள்ளிச் சுற்றுலாவுக்கு நான் மூன்றாம் தடவை கேட்டு முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தம்பி என்னைவிடக் கெட்டிக்காரன். மூன்று தடவை கேட்பதைவிட உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு தடவை எடுப்பது சுலபம் என்று கற்றுக்கொண்டான். அந்தப் பழக்கம் அவனை விடவே இல்லை. இன்று அவன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதைக்கூட விட்டுவிடுவேன். அம்மா காதில் சீழ் வைத்தபோது, டாக்டரிடம் போக உங்களிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். வழக்கம்போல இல்லை என்றீர்கள். அவள் இரண்டாம் தடவை கேட்கிற ரகம் இல்லை என்று கூடவே வாழ்ந்த உங்களுக்குத் தெரியாதா? தலையணையில் காதை அழுத்திக்கொண்டு கிடந்தாள். இடது காது அடியோடு போயிற்று, வலது காது பாதி போயிற்று. நான் இப்போது மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காதுச் சொட்டு மருந்தைத் தினமும் யாராவது வாங்கிப் போகிறார்கள். ஒரு சோப்புக்கட்டி விலைதான். ஒவ்வொரு தடவை பில் போடும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. உங்களுக்கும் கொஞ்சம் எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் ஓய்வுப் பணம் போன கதையையும் தையல்காரர் வெள்ளந்தியாக எழுதிவிட்டார். ஆபீஸ் கூட்டாளி தொழில் தொடங்கக் கேட்டாராம், முழுசாகத் தூக்கிக் கொடுத்தீர்களாம், இப்போது ஆளைக் காணோமாம். அவர் எத்தனை தடவை கேட்டார், அப்பா?

உங்கள் பேத்திக்கு இங்கே அந்தச் சட்டம் இல்லை. வீட்டுச் செலவுப் பணம் சமையலறை இழுப்பறையில் இருக்கும். எடுக்கலாம், எடுத்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போன மாதம் பஸ் காசை எல்லாம் கலர் பென்சிலுக்குக் கொடுத்துவிட்டு வாரம் முழுக்கப் பள்ளிக்கு நடந்தாள். நான் வாயே திறக்கவில்லை. இந்த மாதம் பஸ் காசை அவளே தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும், "தாத்தாவும் வந்து எடுத்துக்கட்டுமே" என்றாள். தாத்தாவுக்கு இழுப்பறை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடமும் விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவள் மனசு இளகிவிடுவாள் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். "எத்தன தடவ கேட்டாரு?" என்றாள். ஒரு தடவை என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு இருக்கே" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னாராமே. ஆகவே இரண்டாம் கடிதத்தை இன்றே எழுதச் சொல்லுங்கள். காரணம் உருப்படியாக இருக்கட்டும். பார்க்கலாம் என்று நானும் உடனே பதில் போடுகிறேன். மூன்றாம் தடவைக்குக் கடிதம் செல்லாது, நேரில் வர வேண்டும். பணத்தை அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டேன். திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம். அவளுக்கு வலப்பக்கமாக நின்று, கத்திக் கேட்க வேண்டும். எங்கள் மாடியில் இன்னும் மூன்று வீடுகள் இருக்கின்றன. கதவைத் திறந்து வைக்கிறேன்.

படிக்கட்டில் கைப்பிடி ஆடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

இப்படிக்கு,
மூன்று தடவை கேட்டு வளர்ந்த மகள்

தையல்கார அண்ணே, இதை மட்டும் மனசுக்குள் படியுங்கள். இங்கே கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு வரும் இருபதாம் தேதி ஆபரேஷன், முன்பணமும் கட்டிவிட்டேன். எப்பாடு பட்டாவது அதற்குள் அவரை மூன்று தடவையும் கேட்க வைத்துவிடுங்கள்.