நான் தள்ளிவிட்ட 9++12

என் அன்பு மச்சான் சிவா,

நீ வெளிநாடு போய் மூன்று மாதம் ஆகிறது. முதல் கடிதத்தில் நல்ல சேதி எழுத வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். உன் புரோகிராமை நான் கெடுத்துவிட்டேனடா. அதையும் பெருமையோடு கெடுத்தேன்.

நீ போனதும் ஹாலிஎல தேயிலைத் தோட்ட ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவன், உன்னோடு படித்தவன், உன் பெண்டாட்டி வசந்திக்கு அண்ணன். வேறு யாரைத் தேடுவார்கள்? கொழுந்தை காலை, பகல், அந்தி என்று மூன்று தடவை தராசில் நிறுத்து, ஒவ்வொருத்தி பெயருக்கு எதிரிலும் கணக்கப்பிள்ளை 9+7+6 என்று எழுதுகிறார். அதை ஆபீசில் அப்படியே தட்டினால், அது ஒழுங்கான கூட்டல்தானா என்று உன் புரோகிராம் முதலில் பார்க்கும். அந்தச் சோதனையை ஒரே வரியில் எழுதி வைத்திருந்தாய்:

[0-9]+([+-][0-9]*)*

முதலில் ஓர் எண். பிறகு கூட்டலோ கழித்தலோ. அதன் பின்னால் எண் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எனக்குச் சிரிப்பு வந்தது. 9++12 கூட உள்ளே போய்விடுமே! என் வகுப்புப் பிள்ளைகள் எழுதியிருந்தால் தலையில் குட்டியிருப்பேன். அடைப்புக்குள்ளே இருந்த நட்சத்திரக் குறியை அழித்துவிட்டுக் கூட்டல் குறி போட்டேன். இனி ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் எண் இருந்தே ஆக வேண்டும். பொருந்தாத வரியைத் தள்ளிவிடு என்றும் சேர்த்தேன். எடை ஏறாத நாளைப் புரோகிராம் தானாகவே 'வரவில்லை' என்று போட்டுவிடும் என்பது என் நினைவில் வரவே இல்லை.

போன ஞாயிறு உங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். வசந்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, நான் மூணு வாரமா வேலைக்கே வரலையாம். செக்ரோல் பதிவுல அப்படித்தான் இருக்காம்."

"நீ போனியா?" என்று கேட்டேன். பார்த்தாயா என் புத்தியை.

"போகாம? கொழுந்து தானா நடந்து போயி தராசுல ஏறிக்கிச்சா? பகல் தராசுக்கு மட்டும் போறதில்லண்ணே. அந்நேரம் புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளமடுவத்துல இவனுக்குப் பால் குடுக்கணும். பகல் கொழுந்தையும் சேத்து அந்திக்கு நிறுப்பேன். நடுவுல கணக்கப்பிள்ளை ஒண்ணும் எழுதாம விட்டுருவாரு. கைப்புள்ளக்காரி எல்லாருக்கும் இதேதான்."

மச்சான், நான் தள்ளிவிட்ட 9++12 இதுதான். பதினொரு பெண்கள்! ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு, "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? நீங்கதான் சொல்றீங்க" என்று பெரிய கிளாக்கர் விரட்டியிருக்கிறார். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் பேரை வெட்டிவிடுவார்களாம். பேர் போனால் லயத்து அறையும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"அவரு இருந்த வரைக்கும் நாங்கெல்லாம் வேலைக்கு வந்தோம். இப்ப வரலையாம்" என்றாள்.

அதைச் செய்தவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை? நான்தான் என்றைக்காவது கேட்டேனா?

திங்கட்கிழமை உன் நட்சத்திரத்தைத் திரும்பப் போட்டேன். கணக்கப்பிள்ளையின் தாள்களை எடுத்து மூன்று வாரத்தையும் மறுபடி தட்டினேன். பதினொரு பேரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள், ஒரு நாள் தவறாமல். பெரிய கிளாக்கர் என் தோளைத் தட்டி, "மெசின் கோளாறுன்னு சொல்லிருவோம் மாஸ்டர். உங்க பேரு எதுக்கு?" என்றார். ஒரு நிமிடம் எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

நாளைக் காலை பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்பேன், மச்சான். கொழுந்துக் கூடையோடு வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்: இவர்கள் பொய் சொல்லவில்லை, மெசினும் சொல்லவில்லை, இது என் கை செய்தது. வசந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நாளைக் காலை வரைக்குமாவது வசந்திக்கு அண்ணனான,
உன் மச்சான் குமார்