கையை எடுத்தால் நிற்கும் ரம்பம்

டாக்குரியா, கல்கத்தா
23-5-1982

அன்பு மகள் பூங்கோதைக்கு அப்பா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்த போட்டோ வந்தது, அம்மா அதை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு சமைக்கும்போது அதனோடு பேசுகிறாள், என்னோடு பேசுவது குறைந்துவிட்டது. வெயில் தாங்கவில்லை, லோட்ஷெடிங் என்று கரண்டை நிறுத்துவதும் வழக்கம்போல.

விஷயம் என்னவென்றால், நம் தெரு கிளப்புக்கு ஒரு மரம் அறுக்கும் ரம்பம் வேண்டுமாம். போன வாரக் கால்பைசாகிப் புயலில் கிருஷ்ணசூடா மரம் தெருவை அடைத்துக்கொண்டு விழுந்து, ரிக்ஷாகூட நுழைய வழியில்லாமல் போய்விட்டது. எப்போதோ ஒரு தடவைதான் தேவைப்படும், ஆனாலும் நல்லதாக இருக்கட்டும், ராஜமாணிக்கம் பாபு துறைமுகத்தில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவர், ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் கேட்டு அவரே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும் என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதைக் கேட்டபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அம்மா. நீ போன டிசம்பரில் கொண்டுவந்த ரம்பத்தால் இங்கே நடந்ததை இதுவரை உனக்கு எழுதவில்லை.

பிடி மேலே இருக்கிற சின்ன ரம்பம் வேண்டாம் அப்பா, அது கயிறு கட்டி மரத்தில் ஏறி வேலை பார்க்கப் பழகினவர்களுக்கு, ஒரு கையால் பிடிக்கத் தோன்றும், அதுதான் ஆபத்து, பிடி பின்னால் உள்ளதை வாங்குங்கள் என்று நீ எத்தனை தடவை எழுதினாய். நான்தான் கனமில்லாமல் இருக்கிறது, மொட்டைமாடியில் நின்று எட்டி அறுக்கலாம், கரண்டில் ஓடுவதால் புகையில்லை என்று பிடிவாதம் பிடித்தேன். விசைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதை அமுக்கிவிட்டால் விரலை எடுத்தாலும் ரம்பம் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் பெரிய சௌகரியம் என்று நினைத்தேன். ஏப்ரலில் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்த மாங்கிளையை அறுத்துக்கொண்டிருந்தேன், பாதியில் கரண்ட் போயிற்று, ரம்பம் கிளையில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே இறங்கிவிட்டேன். அமுக்கிவைத்த பொத்தானை எடுத்துவிடவில்லை.

கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணை என்று உன்னையும் அம்மாவையும் எத்தனை வருஷம் அதட்டியிருப்பேன், ஃபேன் சுவிட்ச் ஒன்று விட்டுப்போனால்கூட வீட்டை இரண்டாக்குவேன். அந்த நான்தான் இப்படிச் செய்தேன். என்னை அண்ணன் முறையில் தாதா என்று கூப்பிடும் மாடிவீட்டுப் பரிமல் பாபு துணி எடுக்கப் போனவர், மழை வரும்போல இருக்கிறது, ராஜமாணிக்கம் தாதாவின் மெஷின் நனைந்துவிடும் என்று அதைக் கிளையிலிருந்து அசைத்து எடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்தாச்சு என்று கத்துகிற சத்தத்தோடு மேலே ரம்பத்தின் சத்தமும் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரம்பம் நின்று தரையில் கிடந்தது, அவர் வலது கையை வேட்டியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வேட்டியெல்லாம் ரத்தம்.

விரல்கள் தப்பின. ஆனால் ஆள்காட்டி விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீனில் முள்ளை அவர் மனைவிதான் எடுத்து ஊட்டிவிடுகிறாள், ஒரு நாள் கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் அவர் லோட்ஷெடிங் செய்த வேலை, தாதா என்ன செய்வார் என்றே சொன்னார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். உன் அம்மா மட்டும் ராத்திரி ஒரே ஒரு வார்த்தை, சுவிட்ச அணைச்சீங்களா என்று கேட்டாள். இப்போது கரண்ட் போனால் நான் வாயே திறப்பதில்லை, அவளே போய் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு வருகிறாள்.

கிளப்பில் பொறுப்பைக் கொடுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அன்று பிளக் சுவரிலேயே இருந்தது, கரண்டும் இருந்தது, பிறகு ரம்பம் எப்படி நின்றது? நேற்று அவரிடம் போய்ப் பொத்தானை எடுக்காமல் வந்தது நான்தான் என்று சொன்னேன். தெரியும் தாதா, அதை எடுத்துவிட்டது நான்தானே என்றார். அறுபட்ட கையோடு எடுத்திருக்கிறார். தெரிந்தே ஊர்முழுக்கக் கரண்டின் மேல் பழி போட்டிருக்கிறார். பேச்சை மாற்றி இடது கையால் சந்தேஷ் இனிப்புத் தட்டை என் பக்கம் தள்ளினார். சாப்பிட முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது பூங்கோதை, இந்த வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

புயலில் கரண்ட் இருக்காது, ஆகவே பெட்ரோலில் ஓடுவதாகப் பார். பிடி பின்னால் இருக்கட்டும், இரண்டு கையாலும் பிடிக்கும்படி, முன்னால் கைக்குத் தடுப்போடு. கனமாக இருந்தாலும் பாதகமில்லை. விசையிலிருந்து விரலை எடுத்தால் சங்கிலி நின்றுவிட வேண்டும், அதுதான் முக்கியம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் எல்லோரும் கூடுகிறார்கள், பரிமல் பாபுவும் வருவார். அங்கே எழுந்து நின்று உண்மையைச் சொல்வதாக இருக்கிறேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தலையாட்டிப் பழகிவிட்டேன் பார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்த ஞாயிறு போயிருக்கும். மறக்காதே, பதிலில் ரம்பத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அப்பா சொன்னீர்களா என்று கேள்.

உன் அப்பா
ராஜமாணிக்கம்